இடது முன் சக்கரம்

ஜூலை 8, செவ்வாய்

தென்மேற்குக் கச்சான் காற்று விடவில்லை. வாசலைக் கூட்டி முடித்துத் திரும்பினால் மறுபடி மணல்.

மாமாவின் தண்ணீர் அளவை இன்று முதல் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் நர்ஸ். தனி நோட்டு வாங்க நேரமில்லை. தையல் அளவு நோட்டின் பின்பக்கம் போதும்.

எடை: மிஷினில் போடுவதற்கு முன் 56.8, பின் 54.5.
தண்ணீர்: காலை டீ அரை டம்ளர். மாத்திரைக்கு இரண்டு மடக்கு. மதியம் ரசம் (கொடுத்திருக்கக் கூடாது). மொத்தம் 750 மில்லி இருக்கும்.

மற்றதையும் இதிலேயே எழுதிவிடலாம். அளவு நோட்டை என்னைத் தவிர யார் திறக்கப் போகிறார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் ஒரே ஓட்டம். எட்டு மணிக்குத் தங்கச்சிமடத்தில் கிளம்ப வேண்டும். பாம்பன் பாலம். மண்டபத்தில் என் மகள் ரென்சியைப் பள்ளியில் விட்டுவிட்டு, மாமாவை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு. நாலு மணி நேரம் டயாலிசிஸ். திரும்பி வந்து சோறு பொங்கி, தையல். மாமி போய் மூன்று வருடம். மகன் (என் வீட்டுக்காரர்) குவைத்தில் மீன்பிடிக் கப்பலில். மாமாவுக்கு நான்தான், எனக்கு இந்தப் பழைய கார்தான்.

இன்று பாலத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்ததும் கீச்சென்று ஒரு சத்தம். காலை எடுத்தால் இல்லை. மிதித்தால் இருக்கிறது. இடது முன் சக்கரம், மாமா உட்காரும் பக்கம், அவர் காலடியில்.

"மாமா, ஏதோ கீச்சுங்குதே, கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

சாயங்காலம் கொழுந்தன் ஜெரோமை (வீட்டுக்காரரின் சித்தப்பா மகன்) வரச் சொன்னேன். மீன் வண்டி ஓட்டுகிறவன், அவனுக்குத் தெரியும் என்று. முட்டி போட்டு உட்கார்ந்து சக்கரத்து இடுக்கு வழியாக டார்ச் அடித்தான்.

"பிரேக் பேடு கனமா இருக்கு மைனி. உப்புக்காத்துல டிஸ்க்குல துரு புடிச்சிருக்கும். ரெண்டு நாள் ஓடுனா அதுவே தேஞ்சு போயிரும்."

சரி.

அமலி கல்யாண பிளவுஸ்: கை இரண்டும் பாக்கி. கொக்கி வாங்க வேண்டும்.


ஜூலை 9, புதன்

தண்ணீர் 700. கால் வீக்கம் இல்லை.

கொக்கி வாங்க ராமேஸ்வரம் போனேன். கீச் போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கரகரவென்று ஓர் உரசல். அம்மியில் மணல் அரைத்தாற்போல. கடைத்தெருத் திருப்பத்தில் மீட்டர் பக்கம் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. நேராகப் போகும்போது அணைந்தது. திருப்பினால் மறுபடி.

ஜெரோம் வந்து பானெட்டைத் திறந்தான். பிரேக் எண்ணெய் குறைந்திருக்கிறதாம். புட்டியிலிருந்து ஊற்றினான். விளக்கு எரியவில்லை.

"முடிஞ்சுபோச்சு மைனி."

"எண்ணெய் எங்கன போச்சு? கீழ ஒழுகலையே?"

"பழைய வண்டி. குறையத்தான் செய்யும்."

அவரிடமிருந்து போன் வந்தது. கப்பல் கரைக்கு வந்திருக்கிறது. சத்தத்தைச் சொன்னேன். "ஜெரோம் பாத்துட்டான்ல, அப்பறம் என்ன. நீ சும்மா மனசப் போட்டு ஒழப்பிக்கிற." அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார். மாமா வழக்கம்போல, நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன், வச்சிரு.

மனம் ஒரு நிலையில் இல்லை. தையல் மிஷின் பெடலில் கால் வைத்தால்கூட பிரேக்கை மிதிப்பதாகவே இருக்கிறது. இரண்டு இடத்தில் தையல் கோணல், பிரித்தேன்.

எனக்குத் தெரிந்தவரை எழுதி வைக்கிறேன்:
கீச், பிறகு கரகர.
சிவப்பு விளக்கு.
பெடல் முன்பைவிடக் கீழே போகிறது. முன்பு பாதியில் பிடிக்கும்.
பிரேக் போட்டால் ஸ்டியரிங் லேசாக வலது பக்கம் இழுக்கிறது.
ஜெரோம்: ஒன்றுமில்லை. அவர்: ஒன்றுமில்லை. மாமா: கேட்கவில்லை.

மூன்று ஆம்பிளைகள். ஓட்டுவது நான்.

பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டார்கள். மாமா கட்டிலில் படுத்தபடியே, "அந்த மோட்டார்ல பேரிங் போச்சு, நிப்பாட்டச் சொல்லு" என்றார். போய்ச் சொன்னேன். ஆள் வந்து கழற்றிப் பார்த்தால் அதேதான். முப்பது வருடம் விசைப்படகில் இன்ஜின் பார்த்தவர். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆச்சரியம். எனக்குப் பெருமையாக இருந்தது.


ஜூலை 11, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் எடை. 57.1, 54.6.

காலையில் மெதுவாகத்தான் போனேன். பாலத்தின் மேட்டில் ஏறி மண்டபம் பக்கம் இறங்கும்போது, எனக்கு முன்னால் போன சுற்றுலா வேன் திடீரென்று நின்றது. புதிய ரயில் பாலத்தைப் படம் எடுக்க. நிற்கக் கூடாது என்று போர்டு வைத்திருக்கும் இடம். பின்கதவைத் திறந்து ஒரு பெண் இறங்கினாள், இடுப்பில் குழந்தை.

மிதித்தேன். பெடல் தரை வரை போனது. கரகரவென்று சத்தம், வண்டி நிற்கவில்லை, வலது பக்கம் இழுத்தது. எதிரே அரசு பஸ். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்தேன். வேனுக்கும் எங்களுக்கும் ஒரு முழ இடைவெளி. அந்தப் பெண் குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ரென்சி பின் சீட்டிலிருந்து வந்து முன் சீட்டின் முதுகில் மோதினாள். உதட்டில் ரத்தம். ஒன்பது வயதுப் பிள்ளை, அழவில்லை. "அம்மா, நின்னுருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

திரும்பி மாமாவைப் பார்த்தேன். இரண்டு கையும் மடியில். எதையும் பிடிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கியரில் ஊர்ந்து இறங்கி, மண்டபத்தில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். ரென்சியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டேன். மிஸ்ஸிடம் கீழே விழுந்துவிட்டாள் என்று பொய் சொன்னேன். மாமாவும் நானும் பஸ்ஸில் ராமநாதபுரம். அவருக்கு மட்டும் இடம் கிடைத்தது.

டீக்கடைக்காரர் ஒரு மெக்கானிக் நம்பர் கொடுத்தார். ஜகாங்கீர் என்று பெயர். பட்டறை அதே தெருவில்தானாம்.

"வண்டிய எடுக்காதீங்க" என்றார் போனில். "வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போறேன். நாளைக்குக் காலையில நானே வந்து பாக்குறேன்."


ஜூலை 12, சனி

பஸ்ஸில் மண்டபம். ஜகாங்கீர் அண்ணனுக்கு ஐம்பது இருக்கும். அதிகம் பேச்சில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, "நான் மெதுவா ஓட்டிட்டுப் போறேன், நீங்க ஏற வேணாம், நடந்து வாங்க" என்றார். நான்கு நாளாக எங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு நான் ஓட்டிய வண்டி.

ஜாக்கி வைத்துத் தூக்கி இடது முன் சக்கரத்தைக் கழற்றினார். வெளிப்பக்கத்து பேடு ஒரு விரல் கனத்துக்கு அப்படியே இருந்தது. ஜெரோம் டார்ச் அடித்துப் பார்த்தது இதைத்தான். அண்ணன் உள்பக்கத்து பேடை நெம்பி எடுத்து என் கையில் வைத்தார். வெறும் இரும்புத் தகடு. ஒட்டியிருந்த பிரேக் பொருள் துளிகூட இல்லை. டிஸ்க்கில் வரி வரியாகப் பள்ளம். விரலை ஓட்டினால் நகம் மாட்டுகிறது.

"ஒண்ணு முழுசா இருக்கு, ஒண்ணு இல்லவே இல்ல. எப்படிண்ணே?"

"ரெண்டு பேடும் சேந்து டிஸ்க்கப் புடிக்கணும்மா. புடிக்கிற சட்டம் முன்ன பின்ன நகர இங்கன ரெண்டு பின்னு இருக்கு பாருங்க. உப்புல துருப்புடிச்சு இறுகிப்போச்சு. சட்டம் நகரல. அதனால உள்ளே இருக்கிற பேடு மட்டும் அமுங்கி அமுங்கி, அதுவே தேஞ்சிருச்சு. தீவுல இருந்து வர வண்டி பூராம் இந்த வியாதிதான்."

எண்ணெய் ஊற்றியதைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

"ஒழுகாம எண்ணெய் குறைஞ்சா பேடு தேயுதுன்னு அர்த்தம். வண்டி வாயத் தெறந்து சொல்லுச்சு. ஊத்தி மூடிட்டீங்க."

வலது பக்கமும் கழற்றினார். பேடு பாதி. இரண்டு பக்கமும் பேடும் டிஸ்க்கும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும் என்றார். சாமான் மதுரையிலிருந்து திங்கட்கிழமை வரும்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "இது இரும்போட இரும்பு உரசுற சத்தம். பக்கத்துல யாரும் உக்காந்து வரலையா?"

"எங்க மாமனார் வருவாரு. விசைப்படகுல இன்ஜின் பாத்தவரு."

"அப்ப அவருக்குக் கேக்காமப் போகாதே" என்று சொல்லிவிட்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். பக்கத்து வீட்டு மோட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடியது. படுத்துக்கொண்டே சொன்னார்.

கழற்றிய பேடுகள் இரண்டையும் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தேன். ரென்சி விளையாடப் போயிருந்தாள். மாமா கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிவியை அணைத்தேன். பேடுகளைக் கட்டிலில் அவர் பக்கத்தில் வைத்தேன்.

"மாமா, அந்தச் சத்தம் என்ன சத்தம்னு ஒங்களுக்குத் தெரியும்ல."

தேய்ந்ததை எடுத்து ஒரு முறை திருப்பிப் பார்த்தார். "ம்."

"எப்ப இருந்து?"

"ஒனக்குக் கேக்குறதுக்கு முந்துன வெள்ளிக்கிழமையே."

"நான் கேட்டேன்ல. கேக்கலன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஏன் மாமா?"

கையிலிருந்த தகட்டைக் கட்டிலில் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தச் சத்தம் கேட்டப்ப எனக்கு ஒரு பதற்றமும் வரல ஜெசி. போனாப் போகுதுன்னு இருந்துச்சு. ஊசி, மிஷினு, தண்ணிய அளந்து குடிக்கிறது. ஒரேயடியா முடிஞ்சா ஒனக்கும் இந்த ஓட்டம் இருக்காதுன்னு."

"வண்டிய ஓட்டுனது யாரு?"

தகட்டை மறுபடி எடுத்து விரலால் தடவினார்.

"பின்னாடி யாரு உக்காந்திருந்தா?"

"மறந்து போச்சு" என்றார். கொஞ்சம் கழித்து, "புள்ள இருக்கிறது எனக்கு மறந்தே போச்சு."

நான் கத்தவில்லை. கத்துவேன் என்றுதான் நினைத்திருந்தேன். "ஒங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு வர இஷ்டம் இல்லேன்னா சொல்லுங்க, கூட்டிப் போகல. ஆனா என் வண்டியில ஏறி உக்காந்துக்கிட்டு சாவ நெனக்காதீங்க." இவ்வளவுதான். பதினோரு வருடத்தில் மாமாவிடம் நான் பேசிய மிக மோசமான பேச்சு, குரலைக்கூட உயர்த்தாமல்.

அரிசியை மூன்று தடவை களைந்தேன்.

தண்ணீர்: அளக்கவில்லை.


ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் பூசை. பிரசங்கம் என்ன என்று கேட்டால் தெரியாது. மாமா வரவில்லை. ரென்சி உதட்டில் காயம் கறுத்திருக்கிறது.

ஜெரோம் விளமீன் கொண்டுவந்து கொடுத்தான். பேடைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. "உள்பக்கத்த நான் பாக்கல மைனி" என்று இரண்டு முறை சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குத் தெரியாது. தெரியாதவனிடம் என்ன கோபம்.

மாமா விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. குவைத்துக்கும் சொல்லவில்லை. போனைக் கையில் எடுத்து, வைத்து, எடுத்து, வைத்து. அங்கே உட்கார்ந்துகொண்டு அவர் என்ன செய்வார். அப்பாவைத் திட்டுவார். இல்லாவிட்டால் என்னை.

உட்கார முடியவில்லை. பீரோவை முழுக்க இறக்கி அடுக்கினேன். அமலி பிளவுஸில் கொக்கி வைத்தேன். முடிந்தது. கொசுவலையைத் துவைத்தேன். காற்று அதை இரண்டு தடவை கொடியிலிருந்து பறித்துப் போட்டது.

இதையும் எழுதிவிடுகிறேன். போன மாதம் ஒரு நாள், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, இதெல்லாம் எப்போது முடியும் என்று நானும் நினைத்தேன். முடிவது என்றால் என்ன என்று தெரிந்தேதான் நினைத்தேன். அது அவர் காதில் விழுந்திருக்குமோ. இன்ஜின் சத்தம் கேட்கிறவருக்கு என் முகம் தெரியாமலா இருக்கும். எழுதிவிட்டேன். அடித்து அழிக்கப் போவதில்லை.

சாப்பிடும்போது மாமா, "செவ்வாக்கிழமை நான் வரல" என்றார்.

"சரி" என்றேன்.

ரென்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.


ஜூலை 14, திங்கள்

மழை வருவதுபோல இருட்டி, வராமல் போனது.

மதியம் பட்டறை. சாமான் வந்திருந்தது. ஜகாங்கீர் அண்ணன் பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் வைத்து, சட்டம் ஒரு விரலால் தள்ளினாலே நகர்கிறது என்று காட்டினார். புது டிஸ்க், புது பேடு. பின் சக்கரங்களையும் திறந்து பார்த்தார். அங்கே தேய்மானம் இல்லை, தூசி மட்டும்.

பழைய எண்ணெயை எடுத்துவிட்டுப் புதியது விட வேண்டும், குழாயில் காற்று இருக்கக் கூடாது. உதவிக்கு ஆள் இல்லை. "நீங்க ஏறி மிதிங்க, நான் கீழ பாத்துக்கறேன்."

ஏறினேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவை அந்த சீட்டில்.

"மிதிங்க. விடுங்க. மிதிங்க. விடுங்க. மிதிங்க. அப்படியே புடிச்சுக்கங்க."

பெடல் மெதுவாகக் காலடியில் இறங்கியது. பாலத்தில் இறங்கினாற்போலவே. என்னையறியாமல் காலை எடுத்துவிட்டேன்.

"நான் சொல்லாம விடக் கூடாதும்மா. காத்து உள்ள போயிரும்."

"பயந்துட்டேண்ணே."

சக்கரத்துக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். குழாயிலிருந்து புட்டியில் இறங்கிய பழைய எண்ணெயைக் காட்டினார். கடுங்காப்பி நிறம். "இது பூராம் வெளிய வந்து, தெளிஞ்சு வரணும். அதுவரைக்கும் பெடல் அப்படித்தான் இறங்கும். நான் தெறந்து விடுறதாலதான் இறங்குது. தானா இறங்கல." பிறகு மறுபடி உட்கார்ந்தார். "மிதிங்க."

நான்கு சக்கரத்துக்கும் செய்தோம். கடைசியில் பெடல் பாதியிலேயே கெட்டியாக நின்றது. எவ்வளவு அழுத்தினாலும் அதற்குமேல் போகவில்லை. அழுகை வந்தது. வெளியே காட்டவில்லை.

அவர் சொன்னவை:
முதல் இருநூறு கிலோமீட்டர் நிதானம். சடாரென்று மிதிக்கக் கூடாது. பேடும் டிஸ்க்கும் பழக வேண்டும்.
ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பின்னைக் கழற்றி கிரீஸ். தீவு வண்டிக்கு இது கட்டாயம்.
உள்பக்கத்து பேடு கண்ணுக்குத் தெரியாது. ஸ்டியரிங்கை ஒடித்து வைத்து, போனைப் பின்னால் விட்டுப் படம் எடுத்துப் பார்க்கலாம்.

பாலத்தில் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு இடத்தில் காரணமே இல்லாமல் பிரேக் போட்டுப் பார்த்தேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும்.

வீட்டில் மாமாவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. படுத்தால் மூச்சு வாங்குகிறது, இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருக்கிறார். நாளைக்கு வாங்க என்று நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று இல்லை. வாய் வரவில்லை.


ஜூலை 15, செவ்வாய்

ஆஸ்பத்திரி பெஞ்சில் எழுதுகிறேன். எடை 58.9. நர்ஸ் திட்டினார். மாமா தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டார்.

காலையில் நடந்தது: எட்டுக்கு ரென்சியை ஏற்றினேன். பெல்ட்டை நானே இழுத்து மாட்டினேன். மாமா அறைப் பக்கம் போகவில்லை. சாவியைப் போட்டு இன்ஜினைக் கிளப்பி, கேட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ரென்சி, "அம்மா, போகலையா" என்றாள்.

மாமா வந்தார். சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் போர்வைப் பை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"மூச்சு விட முடியல" என்றார். கியரைப் போட்டுக் கேட்டைத் தாண்டினேன்.

பாலத்தில் ஏறினேன். அதே இடம், இன்றைக்கும் யாரோ நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மிதித்தேன், வண்டி அடங்கி நின்றது. மறுபடி கிளம்பினேன். கடல் கலங்கலாக இருந்தது.

"ஜெசி."

"என்ன மாமா."

"வலது பக்கமா இழுக்குது. லேசா."

எனக்குத் தெரியவில்லை. ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை.

"நெசமாவா மாமா?"

"அந்த ஆளு பட்டறையில நிப்பாட்டு. புள்ள இருக்கு."

"நேரமாச்சு மாமா, ரென்சிக்கு மணி அடிச்சிருவாங்க. ஒங்களுக்கும் மிஷின் நேரம்."

"நிப்பாட்டு" என்றார்.

நிறுத்தினேன். ஜகாங்கீர் அண்ணன் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, குனிந்து, வலது முன் டயரை அழுத்திப் பார்த்தார்.

"பிரேக்குல ஒண்ணும் இல்ல பெரியவரே. இந்த டயர்ல காத்து கம்மி. நேத்து நான் பாத்திருக்கணும்."

"நாலையும் பாரு" என்றார் மாமா.

அண்ணன் காற்றுக் குழாயை இழுத்து வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாமா இறங்கி, வீங்கிய காலோடு, காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே நகர்ந்தார். உட்காருங்க என்று நாற்காலி போட்டார் அண்ணன். உட்காரவில்லை. நாலாவது டயர் முடிந்த பிறகுதான் கார்க் கதவைத் திறந்து ஏறினார்.

பள்ளிக்கு இருபது நிமிடம் தாமதம். மிஸ் கேட்டால் என்ன சொல்ல என்று ரென்சி கேட்டாள்.

தாத்தா வண்டியை நிறுத்தச் சொன்னார் என்று சொல் என்றேன்.